குளிசை டின்னும் ஐந்து ஊசிகளும்

என் மாமாவின் வீட்டு மேசையில் மூடி நெளிந்த ஒரு பழைய பால்மா டின் இருக்கிறது. கிளினிக்கில் கொடுக்கும் மருந்துகளையெல்லாம் அதற்குள்தான் போட்டு வைப்பார். போன ஞாயிற்றுக்கிழமை திருகோணமலை டச்பே பக்கம் போனபோது, மாமி தேநீர் போட்ட நேரத்தில் அந்த டின்னை மேசைமேல் கவிழ்த்தேன். இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடையில் நிற்கிற கை; குளிசையைக் கண்டால் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணாமல் இருக்காது. மூன்று மாதத்துக்கு மூன்று காகித உறை, உறைக்கு 30, ஆக 90 அட்டோர்வாஸ்டாட்டின்; கொழுப்பை இறக்கும் ஸ்டாட்டின் வகைக் குளிசை. உறையில் எழுதியிருந்த திகதிப்படி 8 மிஞ்சியிருக்க வேண்டும். 63 இருந்தன. இரண்டு உறைகள் பிரிக்கப்படவே இல்லை. 82 நாளில் மனிதர் 27 குளிசைதான் விழுங்கியிருக்கிறார்.

மாமாவுக்கு 64 வயது. துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னர் மாரடைப்பு வந்து, கொழும்புக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்துத் திரும்பியவர். அந்த இரவு ஆம்புலன்ஸில் அவருடைய கால்மாட்டில் இருந்து போனவள் நான். அதனால்தான் கோபம் சற்று அதிகமாக வந்தது.

“ஊசி வரப்போகிறதாம் பிள்ளை. மாரடைப்புக்குத் தடுப்பூசி. ஒருமுறை போட்டால் நாடிக்குள் இருக்கும் கொழுப்பு கரைந்துவிடுமாம். இந்தக் குளிசை போட்டால் கால் உளைகிறது. ஊசி வரும்வரை கொஞ்சம் குறைத்துக்கொள்வோம் என்று நினைத்தேன்” என்றார் மாமா. கைத்தொலைபேசியில் காணொளியையும் காட்டினார். அதில் பச்சைப் பொய் எதுவும் இல்லை. மொடேர்னா நிறுவனத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த போல் பர்ட்டன், புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் 2030க்குள் தடுப்பூசிகள் வரலாம் என்று 2023 ஏப்ரலில் சொன்னது மெய். சீன ஆய்வாளர்கள் ஒரு தடுப்பூசியால் எலிகளின் நாடிக் கொழுப்பை மட்டுப்படுத்தியதும் மெய். இரண்டு மெய்யையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, நடுவில் ஒரு பாட்டையும் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் செய்த வேலை.

கடைக்கு வருபவர்களும் இதையே கேட்கிறார்கள். ஆகவே அன்றிரவு வீட்டுக்கு வந்து ஒரு தாளை எடுத்து, மாமாவின் எண்ணை ஒவ்வொரு வழியிடமும் கொடுத்துப் பார்த்தேன். அந்த எண் 148. மாரடைப்பு வந்தபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில், கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்டிஎல், டெசிலீற்றருக்கு 148 மில்லிகிராம். குளிசையை ஒழுங்காகப் போட்ட முதல் மூன்று மாதத்தில் அது 71 ஆனது. போன மாதம் 126. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு 55க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறது ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல்.

கணக்குக்குப் போகுமுன், உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். இது குழாயில் அழுக்குப் படிவது போன்றதல்ல. டச்பே வீடுகளின் கடற்புறச் சுவரைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். உப்புக்காற்று சாந்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று நிற்கும். ஒருநாள் அந்த இடம் கொப்புளமாக ஊதும். விரலால் தட்டினால் உள்ளே வெறும் பொடி. நாடியிலும் எல்டிஎல் சுவருக்கு உள்ளேதான் இறங்குகிறது. அங்கே ஒட்சியேற்றமடைந்து கெடுகிறது. கெட்டதைத் தின்ன வெண்குழியங்கள் வருகின்றன. தின்று தின்று நுரைபோல் பருத்து, அங்கேயே சாகின்றன. அதன்மேல் ஒரு மெல்லிய தோல் மூடுகிறது. அந்தத் தோல் கிழிந்து, கிழிசலில் இரத்தம் உறைந்து, பாதை அடைபடுவதுதான் பெரும்பாலான மாரடைப்பு.

அப்படியானால் பிடிக்க வேண்டியவர்கள் இருவர்: உள்ளே இறங்கும் கொழுப்பு ஒருவர், அதைக் கண்டு கொதித்தெழும் நிர்ப்பீடனம், அதாவது உடம்பின் தற்காப்புப் படை, மற்றவர். இரண்டாமவர் சும்மா வேடிக்கை பார்ப்பவர் அல்ல என்பது 2017இல் உறுதியானது. 10,061 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் கனகினுமாப் என்ற ஊசி, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 15 சதவீதம் குறைத்தது. ஆனால் கடுமையான தொற்றுகளால் இறந்தோர் தொகை அந்தப் பக்கத்தில் கூடியது. தடுப்பூசி ஆய்வாளர்களும் இந்த இரு வழியாகத்தான் பிரிந்து நிற்கிறார்கள்.

முதலில் டின்னில் கிடக்கும் குளிசை. இதன் கதையே ஒரு சோற்றுக் கதை. அகிரா எண்டோ என்ற யப்பானியர் 6,000க்கு மேற்பட்ட பூஞ்சணங்களைச் சலித்து, கடைசியில் கியோட்டோவில் ஒரு கடை அரிசியில் பிடித்த நீலப்பச்சைப் பூஞ்சணத்திலிருந்து முதல் ஸ்டாட்டினை எடுத்தார். தம்பலகாமத்து அரிசியில் பூஞ்சணம் பிடித்தால் நாம் கோழிக்குப் போட்டுவிடுவோம். 1994இல் வந்த ஸ்கண்டிநேவிய ஆய்வில், இதயநோய் உள்ள 4,444 பேர். ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் தொடர்ந்து பார்த்ததில், வெற்றுக் குளிசை போட்டவர்களில் 256 பேர் இறந்தார்கள். சிம்வாஸ்டாட்டின் போட்டவர்களில் 182 பேர். அதற்குப் பிறகு வந்த எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், எல்டிஎல் ஏறத்தாழ 39 மில்லிகிராம் இறங்கும் ஒவ்வொரு படிக்கும் பெரிய இதய, இரத்தநாளப் பாதிப்புகள் 22 சதவீதம் குறைகின்றன. மாமா 148இலிருந்து 71க்கு இறங்கியபோது இரண்டு படி இறங்கிவிட்டார். அதாவது, அவருக்கு இருந்த ஆபத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு அருகே இறக்கி வைத்தது இந்தக் குளிசை. கிளினிக்கில் ஒரு சதமும் கொடுக்காமல். கூடவே எசெட்டிமைப் என்ற இன்னொரு குளிசையைச் சேர்த்தால் மிச்சத்தில் ஐந்திலொன்று குறையும்: 57. 55ஐத் தொட இரண்டே இரண்டு எண்தான் பாக்கி.

சரி, கால் உளைவு? அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். உளைகிறது என்றால் உளைகிறதுதான். ஆனால் இலண்டனில் நடந்த சாம்சன் ஆய்வை மாமாவுக்குச் சொன்னேன். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேர். ஆளுக்கு 12 போத்தல்: நான்கில் மெய்யான குளிசை, நான்கில் வெற்றுக் குளிசை, நான்கு போத்தல் காலி. மாதத்துக்கு ஒன்று, குளிசை உள்ளவற்றில் எது மெய், எது வெற்று என்று அவர்களுக்குத் தெரியாது. உடம்பு படும் பாட்டை நாள்தோறும் 100க்குப் புள்ளியிட வேண்டும். காலிப் போத்தல் மாதங்களில் சராசரி 8. மெய்க்குளிசை மாதங்களில் 16.3. வெற்றுக் குளிசை மாதங்களில் 15.4. உளைவு மெய், ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு வெற்றுக் குளிசைக்கும் வந்தது. முடிவைக் காட்டியபிறகு பாதிப்பேர் மீண்டும் போடத் தொடங்கிவிட்டார்கள். மாமா இதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு, “அப்படியென்றால் நான் நடிக்கிறேனா?” என்று முகம் சிவந்தார். நடிக்கவில்லை மாமா. தசை உண்மையில் பாதிக்கப்படுவதும் சிலருக்கு நடக்கும். அதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. டொக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவார். சொல்லாமல் டின்னுக்குள் போட்டு மூடுவதுதான் கூடாது.

குளிசையின் மெய்யான குறை, அது தினமும் ஒரு மனிதனின் ஞாபகத்தையும் ஒரு நாட்டின் கையிருப்பையும் நம்பி இருக்கிறது என்பது. 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்து இல்லை என்று எத்தனை பேரைக் கடை வாசலில் இருந்து திருப்பி அனுப்பினேன் என்று எனக்குத்தான் தெரியும். தடுப்பூசி என்ற சொல்லுக்கு இவ்வளவு கவர்ச்சி ஏன் என்பது அந்த வருடம் விளங்கியது.

அடுத்தது, ஏற்கெனவே உலகில் பாவனையில் உள்ள இரண்டு வகை ஊசிகள். இவற்றுக்கும் தடுப்பூசிக்கும் ஒரே இலக்கு என்பதால் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து இழுத்தெடுப்பது ஈரல். ஈரல் கலத்தின் மேற்பரப்பில் அதற்கென்று ஏற்பிகள் இருக்கின்றன. கரைவலை இழுக்கும் ஆட்களைப்போல் அவை ஒரு பாடு இழுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குத் திரும்ப வரும். பிசிஎஸ்கே9 என்ற புரதம், இழுத்துக்கொண்டிருக்கும் ஆட்களைப் பிடித்து வேலையை விட்டே நீக்கிவிடும் பொல்லாத சம்மாட்டி, அதாவது வலை முதலாளி. சம்மாட்டியை அடக்கினால் கரையில் ஆள் கூடும்; கொழுப்பு வேகமாக இழுபடும். 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்கள் சிலவற்றில் இந்தப் புரதம் மிகையாக வேலை செய்து கொழுப்பை ஏற்றுவதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அமெரிக்காவின் டலஸ் நகரில், இந்தப் புரதமே இல்லாத 32 வயதுப் பெண் ஒருவரைக் கண்டார்கள். எல்டிஎல் 14. பிள்ளை பெற்று, ஆரோக்கியமாக நடமாடிக்கொண்டிருந்தார். அவருடைய பரிசோதனை அறிக்கை எங்கள் கடைக்கு வந்திருந்தால், கருவி பழுது என்று நானே திருப்பி அனுப்பியிருப்பேன்.

எதிரியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதங்களுக்குப் பிறபொருளெதிரி என்று பெயர். இந்தச் சம்மாட்டியைப் பிடித்துக் கட்டும் பிறபொருளெதிரிகளைத் தொழிற்சாலையில் செய்து ஊசியில் அடைத்தவைதான் எவலோகுமாப், அலிரோகுமாப். இரண்டும் 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இரண்டு கிழமைக்கு ஒருமுறை தோலுக்குக் கீழே போடுவது. 2017இல் எவலோகுமாப்பை 27,564 பேரிடம் சோதித்தார்கள். எல்டிஎல் 59 சதவீதம் இறங்கியது. மாமாவின் 148 இதனால் மட்டும் 61 ஆகும். ஸ்டாட்டினோடு சேர்த்தால் 71 என்பது 30க்குக் கீழேயே போகும். எண்களில் இதுதான் முதலாமிடம். விலையில்? அமெரிக்காவில் வருடத்துக்கு 14,100 டொலருக்கு வந்து, யாரும் வாங்க முடியாமல் 2018இல் 5,850 டொலராக இறங்கியது. துறைமுக ஓய்வூதியத்தோடு அதை ஒப்பிட்டு மாமாவை வேறு புண்படுத்த நான் விரும்பவில்லை. குளிர்சாதனப் பெட்டியும் வேண்டும். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றபோது, இன்சுலினைக் காப்பாற்ற ஐஸ் தேடி மீன் வாடிக்குப் போனவள் நான். குளிரில் வைக்க வேண்டிய எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த வாடியின் நாற்றம்தான் முதலில் வரும்.

இன்கிளிசிரான் வேறு வகை. இது சம்மாட்டியைப் பிடிப்பதில்லை. ஈரலுக்குள் புகுந்து, சம்மாட்டியை உருவாக்கும் கட்டளைத் தாளையே கிழித்துவிடுகிறது. முதல் ஊசி, மூன்று மாதத்தில் இரண்டாவது, அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று. எல்டிஎல் பாதியாகிறது: 148 என்றால் 74. குளிரூட்டத் தேவையில்லை. ஐரோப்பா 2020 டிசம்பரிலும் அமெரிக்கா ஒரு வருடம் கழித்தும் எல்டிஎல் இறங்குவதைப் பார்த்தே அனுமதி கொடுத்தன. மாரடைப்புகளை எண்ணும் பெரிய ஆய்வுகளைப் பின்னால் வைத்துக்கொண்டார்கள். எங்கள் கடைத் தட்டுக்கு இது ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் “வருடத்தில் இரண்டு ஊசி, குளிசையை மறந்துவிடலாம்” என்று மாமா கனவு காண்கிற பொருள் ஏறக்குறைய இதுதான். பெயர் மட்டும் தடுப்பூசி அல்ல.

இனித் தடுப்பூசி. மாமா நினைப்பதைவிட இது மிகப் பழைய கனவு. 1959இலேயே ஹங்கேரிய ஆய்வாளர்கள், கொழுப்புப் புரதத்தை விலங்குகளுக்கு ஏற்றி நாடிக் கொழுப்பைத் தடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். 1995இல் கலிபோர்னியாவில், பிறவியிலேயே கொழுப்பு ஏறிய முயல்களுக்குக் கெட்டுப்போன எல்டிஎல்லைத் தடுப்பூசியாகப் போட்டார்கள். மோசமாகும் என்று பயப்படத்தக்க காரியம்; ஆனால் நாடிப்புண் குறைந்தது. அன்றிலிருந்து சுவீடனிலும் அமெரிக்காவிலும் பல குழுக்கள் எல்டிஎல்லின் பெரிய புரதமான அப்போ-பி100 என்பதைத் துண்டு துண்டாக வெட்டி, எந்தத் துண்டு நிர்ப்பீடனத்தைச் சாந்தப்படுத்தும் என்று தேடிக்கொண்டிருக்கின்றன. சீன ஆய்வில் இருந்த பி210 அப்படி ஒரு துண்டுதான். அதை இரும்பு ஒட்சைட் நுண்துகளில் ஒட்டி எலிக்குப் போட்டார்கள்.

இந்த வகையின் நோக்கம் மற்றத் தடுப்பூசிகளுக்கு நேர்மாறானது. அம்மைக்குப் போடும் ஊசி, “இவனைக் கண்டால் அடி” என்று உடம்புக்குச் சொல்லிக்கொடுக்கும். இது, “இவன் வீட்டு ஆள், சுவருக்குள் கண்டாலும் சண்டைக்குப் போகாதே” என்று சொல்லிக்கொடுக்க முயல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனால் என் தாளில் இதற்கு நேரே எந்த எண்ணும் எழுத முடியவில்லை. எல்லாம் எலி. எலிக்கு இயல்பாக இந்த நோய் வருவதே இல்லை. அதன் இரத்தத்தில் கொழுப்பைச் சுமப்பது பெரும்பாலும் நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல். மரபணுவைக் கெடுத்து, கொழுப்பை ஊட்டி, சில மாதங்களில் நோயை வரவழைத்து, அதைக் குறைத்துக் காட்டுகிறார்கள். மாமாவின் நாடிச்சுவரோ அறுபது வருடமாக உப்புக்காற்றுப் பட்டது.

இரண்டாவது வகைத் தடுப்பூசிதான் மனிதரிடம் சோதிக்கப்பட்டது. அதன் குறி நம் சம்மாட்டி, பிசிஎஸ்கே9. பிறபொருளெதிரியைத் தொழிற்சாலையில் செய்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஏற்றுவானேன், உடம்பையே செய்யவைத்தால் என்ன என்ற யோசனை. வியன்னாவில் அஃபிரிஸ் என்ற நிறுவனம் 72 ஆரோக்கியமானவர்களிடம் இரண்டு தடுப்பூசிகளைச் சோதித்து, முடிவை 2021இல் வெளியிட்டது. பிறபொருளெதிரி உண்டானது, பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை, ஏடி04ஏ என்ற ஒன்று மட்டும் எல்டிஎல்லை இறக்கியது. எவ்வளவு? 10 சதவீதத்தை ஒட்டி. வியன்னாவிலிருந்து அந்த ஊசி நாளைக் காலை பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து இறங்கினாலும், மாமாவின் 148 ஏறத்தாழ 133 ஆகும். மூன்று நாளுக்கு ஒரு குளிசை என்று ஏமாற்றிக்கொண்டு அவர் இப்போது வைத்திருக்கும் 126ஐக்கூட அது எட்டாது.

இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. “கொரோனாவுக்கு ஒரு வருடத்தில் கொண்டுவந்தார்களே?” என்றார் பிறகு. நல்ல கேள்வி. கொரோனா வெளியாள், உடம்பு அவனைக் கண்டதும் அடிக்கத் தயார். பிசிஎஸ்கே9 நம் ஈரல் செய்யும் நம் சொந்தப் புரதம். சொந்தத்தை அடிக்காதே என்று உடம்பு பிறந்தது முதல் பழகியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை உடைக்க, நியூ மெக்சிக்கோ பல்கலைக்கழகத்தில் பிரைஸ் சக்கேரியன் குழு, பற்றீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்றின் வெற்றுக் கோதை எடுத்து, அதன் மேலெல்லாம் பிசிஎஸ்கே9 துணுக்குகளைப் பதித்தது. வேற்றான் சட்டையில் சொந்தக்காரனைப் பார்த்ததும் உடம்பு ஏமாந்து பிறபொருளெதிரி செய்கிறது. 2023இல் வெளியான முடிவில், எலியிலும் குரங்கிலும் எல்டிஎல் 30 சதவீதம்வரை இறங்கியது. மாமாவுக்கு அதே பலன் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 104. நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் மாமா குரங்கல்ல. மாமி இதற்கு ஏதோ சொன்னார், அதை இங்கே எழுதவில்லை.

இறக்கும் அளவைவிட என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. குளிசை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நாளைக்கே நிறுத்தலாம். எவலோகுமாப் சில கிழமைகளில் அடங்கும். இன்கிளிசிரான் சில மாதங்களில். சொந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பைப் பழக்கிவிட்டால், அதை நிறுத்தும் சுவிட்சு நம் கையில் இல்லை. பிறபொருளெதிரி தானாகத் தேயும்வரை காத்திருக்க வேண்டும். மறதி நோய்க்கான ஏஎன்1792 என்ற தடுப்பூசியை 2002இல் நிறுத்தினார்கள். மூளையில் சேரும் சொந்தப் புரதம் ஒன்றுக்கு எதிரானது அது. போட்டவர்களில் 6 சதவீதம் பேருக்கு மூளையிலும் அதன் உறையிலும் அழற்சி வந்தது. பிசிஎஸ்கே9க்கு அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. டலஸ் பெண்ணை நினைத்தால் தைரியமாகவே இருக்கிறது. ஆனால் ஆய்வாளர்கள் மெதுவாக நடப்பதற்கு அந்த 6 சதவீதம் ஒரு காரணம். பிரஷருக்கும் ஒரு தடுப்பூசி 2008இல் இப்படித்தான் பேச்சாக இருந்தது. பகல் நேர மேல் அளவை 9 புள்ளி இறக்கியது. கடைக்கு வந்துசேரவில்லை.

அப்படியென்றால் இந்த ஆய்வே வீணா? இந்த இடத்தில்தான் என் தாளைத் திருப்பி எழுத வேண்டி வந்தது. 2006இல் அமெரிக்காவில் ஒரு கணக்கு வெளியானது. பிசிஎஸ்கே9 பிறவியிலேயே பாதி பழுதான கறுப்பின மக்களின் எல்டிஎல் மற்றவர்களைவிட 28 சதவீதம்தான் குறைவு. ஆனால் அவர்களுக்கு, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுருநாடியில் நோய் வரும் ஆபத்து 88 சதவீதம் குறைவு. எவலோகுமாப் 59 சதவீதம் இறக்கி, இரண்டு வருடத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 15 சதவீதம்தான் குறைத்தது. முரண்பாடு போலத் தெரியும், காலம்தான் வித்தியாசம். அவர்கள் பிறந்த நாளிலிருந்து குறைவோடு வாழ்ந்தார்கள்; ஊசி போட்டவர்கள் சுவர் ஊதிய பிறகு தொடங்கினார்கள். ஆகவே 30 சதவீதம் இறக்கும் மலிவான ஒரு தடுப்பூசியை முப்பது வயதில் போட்டு, இடைக்கிடை ஊக்கியூசி போட்டு, முப்பது வருடம் கொண்டுபோனால், அதன் பலன் 64 வயதில் எந்த விலையுயர்ந்த ஊசியாலும் எட்ட முடியாததாக இருக்கலாம். ‘இருக்கலாம்’ என்ற சொல்லைத் தெரிந்தே போடுகிறேன். அதை நிரூபிக்கப் பல்லாயிரம் பேரைப் பல வருடம் பின்தொடர வேண்டும். எப்படியோ, அந்த வரிசையில் நிற்க வேண்டியவர் மாமா அல்ல. அவருடைய மகன்.

மரபணுவைத் திருத்தும் ஊசியை ஒரு பத்தியில் முடிக்கிறேன். வேர்வ் என்ற நிறுவனம் ஈரலில் பிசிஎஸ்கே9 மரபணுவின் ஓர் எழுத்தை மாற்றி, அதை வாழ்நாளுக்கும் அணைக்கப் பார்க்கிறது. முதல் வடிவத்தைப் புதியவர்களுக்குப் போடுவதை 2024 ஏப்ரலில் நிறுத்தினார்கள். ஒருவரின் ஈரல் நொதியங்கள் ஏறி, குருதிச் சிறுதட்டுக்கள் இறங்கியிருந்தன. இரண்டாவது வடிவத்தின் முதல் விவரம் 2025 ஏப்ரலில் வந்தது: 14 பேர், கூடிய அளவு பெற்றவர்களிடம் சராசரி 53 சதவீத இறக்கம். 148 என்றால் 70. ஒரே ஊசி. திரும்பிப் போகும் வழியே கிடையாது. 14 பேரை நம்பி என் மாமாவின் ஈரலைக் கொடுக்க நான் தயாரில்லை.

ஐந்தாவது ஊசியைப் பற்றி மாமாவின் காணொளி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது சாதாரண இன்ஃபுளுவென்சா தடுப்பூசி. கொழுப்போடு அதற்கு ஒரு தொடர்பும் இல்லை. என் தாளில் 148 அதற்கு நேரே 148ஆகவே நிற்கும். ஆனால் 2018இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பார்த்தபோது, இன்ஃபுளுவென்சா என்று உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வருவது மற்ற நாள்களைவிட ஆறு மடங்காக இருந்தது. காய்ச்சலின் அழற்சி, ஊதிய சுவரின் தோலைக் கிழிக்கப் போதும். 2021இல் வந்த ஐஏஎம்ஐ ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. எட்டு நாடுகள், அதில் நம் பக்கத்து வங்காளதேசமும் ஒன்று. மாரடைப்பு வந்தவர்கள் பெரும்பாலும், 2,571 பேர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்கும்போதே பாதிப்பேருக்குத் தடுப்பூசி, மற்றவர்களுக்கு உப்புநீர். ஒரு வருடத்தில் இதயநோயால் இறந்தவர்கள் உப்புநீர்ப் பக்கத்தில் 4.5 சதவீதம், தடுப்பூசிப் பக்கத்தில் 2.7. இவ்வளவு சிறிய செலவில் இப்படி ஓர் எண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம் நாட்டில் இன்ஃபுளுவென்சா வருடத்தில் இருமுறை தலைதூக்குகிறது: ஏப்ரல், யூன் வாக்கில் ஒன்று, நவம்பருக்குப் பிறகு ஒன்று. வைரஸ் வேடம் மாற்றுவதால் ஊசியை வருடாவருடம் போட வேண்டும். காசும் கொடுக்க வேண்டும். வரப்போகும் மாரடைப்புத் தடுப்பூசிக்காக 2030வரை காத்திருக்கத் தயாரான ஒருவர், கையெட்டும் தூரத்தில் இருக்கும் இதைக் கேட்டதும் முதலில் கேட்டது என்ன தெரியுமா? “அதைப் போட்டால் காய்ச்சல் வருமே, பிள்ளை?”

ஒருநாள் கை உளையலாம், மாமா, மேல் சுடலாம். சம்மதித்துவிட்டார். டொக்டரிடம் ஒரு சொல் கேட்டுக்கொண்டு அடுத்த கிழமை போடுவதாக ஏற்பாடு.

குளிசையைத்தான் கடைசிவரை இழுபறியாகப் பேசினோம். மறப்பது அவருக்கு உண்மையான சிக்கல். கால் உளைவு பாதி, மறதி பாதி. இரவில் போட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குச் செய்தி பார்த்தபடியே தூங்கிவிடுவார். அட்டோர்வாஸ்டாட்டின் உடம்பில் நெடுநேரம் நிற்பது; காலையிலும் போடலாம். காலையில் மாமா மறக்காத காரியம் ஒன்றுதான். கோட்டைப் பக்கமிருந்து ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று, காது கிழிந்த ஒரு பெட்டை, ஆறரை மணிக்குக் கேற்றடிக்கு வந்து நிற்கும். அதற்கு வாழைப்பழத் தோல் வைக்காமல் மாமா தேநீரைக்கூடத் தொடமாட்டார். டின்னைத் தூக்கிக் கொண்டுபோய், தோல் போட்டு வைக்கும் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் கிளினிக் கொப்பியில் “82 நாளில் 27” என்று நானே எழுதி, கால் உளைவையும் அதன் கீழே எழுதிக் கொடுத்தேன். எசெட்டிமைப் சேர்ப்பதா என்பதை, இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டபிறகு வரும் எண்ணைப் பார்த்து டொக்டர் முடிவெடுப்பார். 71க்கு அருகே திரும்பினால் அந்தப் பேச்சு வரும். 100இல் நின்றால் மறுபடியும் டின்னைக் கவிழ்ப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மகன் இருந்தாரே, அவருக்கு வயது 33. உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் சமையற்பகுதியில் வேலை. அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஒன்றரை வருடமாகியும், அவருடைய எல்டிஎல் என்னவென்று எவரும் பார்த்ததில்லை. “எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே மச்சாள்” என்கிறார். இந்தச் சனிக்கிழமை காலையில் இரத்தம் கொடுக்க வரச் சொல்லியிருக்கிறேன். வெறும் வயிற்றோடு வரவேண்டுமா, முதல்நாள் இரவு ஹோட்டலில் இறால் பொரியல் சாப்பிடலாமா என்று நேற்றிரவு செய்தி அனுப்பிக் கேட்டார். எல்டிஎல்லுக்கு அவ்வளவு வித்தியாசம் வராது, சாப்பிட்டாலும் வா என்று பதில் போட்டிருக்கிறேன். இன்னும் பார்க்கவில்லை.